பத்துக்கு எத்தனை பொருத்தம் பாஸ்?

ஃப்ரெண்ட்ஸ், எல்லாரும் நோட்டோட கடைசிப் பக்கத்தைத் திறங்க. இருக்கா? கண்டிப்பா இருக்கும். ஒரு பேர், அதுக்குக் கீழே இன்னொரு பேர், நடுவுல நாலஞ்சு எழுத்து அடிச்சு, ஓரத்துல ஃப்ளேம்ஸ்! 'எஃப்' வந்தா ஃப்ரெண்டு, 'எல்' வந்தா லவ், 'எம்' வந்தா மேரேஜ். 'எஸ்' வந்துட்டா மட்டும் இனிஷியலைச் சேர்த்து இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம். அதுவும் சரியா வரலைன்னா ஸ்பெல்லிங்கையே மாத்திருவோம். நமக்கு வேண்டிய ரிசல்ட் வர்ற வரைக்கும் எக்ஸ்பெரிமென்ட்டைத் தொடர்றதுல நம்மளை அடிச்சுக்க ஆளே கிடையாது!

வீட்டுல பெரியவங்களும் இதேதான் பண்றாங்க. என்ன, கொஞ்சம் டீசன்ட்டா பண்றாங்க. தினம், கணம், மகேந்திரம், ஸ்திரீ தீர்க்கம், யோனி, ராசி, ராசி அதிபதி, வசியம், ரஜ்ஜு, வேதைன்னு பத்துப் பொருத்தம். பத்துக்கு ஏழு வந்தா 'பரவாயில்ல, பேசி முடிச்சிரலாம்'. மாப்பிள்ளைக்கு நல்ல வேலைன்னா அஞ்சே ஏழு ஆகிரும். இன்டர்னல் மார்க் மாதிரிதான்!

ரெண்டு பக்கமும் தேடுறது ஒரே விஷயம். 'இவங்க ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் ஒத்துப்போவாங்களா?' கேள்வி நியாயமானதுதான். ஆனா நாம அதுக்கு ரசனையில பதில் தேடுறோம். வீட்டுல ஜாதகத்துலயும் சாதியிலயும் தேடுறாங்க. ரெண்டு பேருமே தேடாத ஒரு இடம் இருக்கு. இந்த வாரம் அங்கே ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்.

உனக்கும் யுவனா? எனக்கும் யுவன்!

மேலநீலிதநல்லூர்ல இருந்து சங்கரன்கோவில் போற பஸ்ல ஒரு நாள் காதைத் தீட்டி வச்சுக்கிட்டு உட்காருங்க. எத்தனை காதல் எந்தப் புள்ளியில ஸ்டார்ட் ஆகுதுன்னு தெரிஞ்சுரும். 'உங்களுக்கும் யுவன் பாட்டு புடிக்குமா? எனக்கும்!', 'நீங்களும் தோனி ஃபேனா? நானும்!', 'பரோட்டாவுக்கு சால்னாதான், குருமா கிடையாதுன்னு சொல்றீங்களா? ஐயோ, நானும் அதேதான்!' அவ்வளவுதான். ரெண்டு ஸ்டாப் தாண்டறதுக்குள்ள நம்பர் கைமாறிரும்.

தப்பே இல்லை. ரசனை ஒத்துப்போனா பேச்சு ஈஸியா ஆரம்பிக்கும், நேரம் போறதே தெரியாது. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. பத்து வருஷம் முன்னாடி உங்களுக்குப் புடிச்ச ஹீரோ இன்னைக்கும் புடிக்குதா? ஒன்பதாவது படிக்கும்போது வச்சிருந்த ஹேர் ஸ்டைல்? போட்டோவைப் பார்த்தா நமக்கே சிரிப்பு வருது! ரசனை மாறிக்கிட்டே இருக்கும். அதை நம்பி வீடு கட்டினா என்ன ஆகும்?

வீடுன்னதும் ஞாபகம் வருது. நம்ம பக்கத்துக் கரிசல் மண்ணுல வீடு கட்டினவங்களைக் கேளுங்க. மழை பெய்ஞ்சா அந்த மண்ணு ஊதும், வெயில் அடிச்சா சுருங்கிப் பாளம் பாளமா வெடிக்கும். அஸ்திவாரம் சரியில்லைன்னா வீட்டோட ஒரு பக்கம் இறங்கும், இன்னொரு பக்கம் அப்படியே நிக்கும். அப்புறம் சுவத்துல விரிசல் விழும். சிவில் படிக்கிற பசங்க இதை 'டிஃபரென்ஷியல் செட்டில்மென்ட்'னு மார்க்குக்காக மனப்பாடம் பண்ணுவாங்க. விரிசல் மேல எத்தனை தடவை பெயின்ட் அடிச்சாலும் அடுத்த மழைக்கு அது திரும்பத் தெரியும். ரசனைங்கிறது பெயின்ட். கீழே எது தாங்குதுங்கிறதுதான் மேட்டரே.

எது சரி, எது தப்பு, எதுக்காக எதை விட்டுக் கொடுக்கலாம், எதுக்காகவும் எதை விடக்கூடாதுன்னு ஒவ்வொருத்தருக்குள்ளயும் ஒரு கணக்கு இருக்கு. பேச்சுல பெரும்பாலும் வெளியே வராது. கஷ்டம்னு வரும்போதுதான் தெரியும். அதைத்தான் மதிப்பீடுகள்னு சொல்றோம்.

ஆராய்ச்சி என்ன சொல்லுது?

2023-ல அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'நேச்சர் ஹ்யூமன் பிஹேவியர்' இதழ்ல ஒரு ஆய்வை வெளியிட்டாங்க. 1903-ல இருந்து ஜோடிகளைப் பத்தி வந்த 199 ஆய்வுகளை அலசி, கூடவே பிரிட்டனின் 'பயோபேங்க்' தகவல் தொகுப்புல இருக்கிற ஆயிரக்கணக்கான ஜோடிகளையும் 130-க்கும் மேற்பட்ட குணங்கள்ல ஒப்பிட்டுப் பார்த்தாங்க. 'எதிரும் புதிரும்தான் ஈர்க்கும்'னு சினிமாவுல காலங்காலமா சொல்றாங்களே, அதுக்குப் பெருசா ஆதாரம் கிடைக்கலை. ஜோடிகள் ரொம்ப ஒத்துப்போறது அரசியல் பார்வை, மத நம்பிக்கை, படிப்பு மாதிரியான விஷயங்கள்ல. கலகலப்பானவங்க கலகலப்பானவங்களைத்தான் புடிப்பாங்களான்னு பார்த்தா, அது காசு சுண்டிப் போட்ட மாதிரி, எப்படி வேணா விழுது. அதாவது, வாயாடிக்கு ஊமை ஜோடியா அமையலாம். ஆனா உலகத்தைப் பத்தின அடிப்படை எண்ணம் பெரும்பாலும் ஒரே பக்கமா இருக்கு.

'அப்போ மேட்டர் ஓவர், ஒரே மாதிரி ஆளைப் புடிச்சா போதும்'னு கெளம்பிராதீங்க. இன்னொரு ஆய்வு இருக்கு. 2020-ல அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழ்ல வந்தது. 43 தகவல் தொகுப்புகள், 11,196 ஜோடிகள். எந்தக் காதல் திருப்தியா இருக்கும்னு மெஷின் லேர்னிங் வச்சுக் கண்டுபிடிக்கப் பார்த்தாங்க. இவர் எப்படிப்பட்டவர், அவர் எப்படிப்பட்டவர், ரெண்டு பேருக்கும் எவ்வளவு ஒற்றுமைங்கிற கணக்கெல்லாம் பெருசா உதவலை. 'இவர் கடைசி வரைக்கும் என்கூட இருப்பாரு'ங்கிற நம்பிக்கை, 'இவ என்னை மதிக்கிறா'ங்கிற உணர்வு, சண்டையை எப்படிக் கையாளுறாங்கங்கிற விஷயம், இதெல்லாம்தான் முன்னாடி வந்து நின்னுச்சு.

ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு இடிக்குதே? இடிக்கலை பாஸ். முதல் ஆய்வு யாரும் யாரும் ஜோடி சேர்றாங்கன்னு சொல்லுது. ரெண்டாவது, சேர்ந்தவங்க சந்தோஷமா இருக்க எது உதவுதுன்னு சொல்லுது. லிஸ்ட் போட்டு 'டிக்' அடிச்சா ஒற்றுமை காகிதத்துல இருக்கும். அது தினசரி நடத்தையா மாறி அடுத்தவருக்குக் கண்ணுல தெரிஞ்சாதான் உறவுக்குள்ள வரும். 'நான் பெண் சுதந்திரத்தை மதிக்கிறவன்'னு ஸ்டேட்டஸ் வைக்கிறது ஈஸி. அவளுக்குப் பெங்களூருல வேலை கிடைச்ச அன்னிக்கு உங்க மூஞ்சி எப்படிப் போகுதுங்கிறதுதான் பரீட்சை.

சாதியில் பூஜ்யம், கொள்கையில் நூறு!

தியரி போதும், பிராக்டிகலுக்கு வருவோம். நம்ம தமிழ்நாட்டுலயே ஒரு ஜோடி. ஜெகந்நாதன் - கிருஷ்ணம்மாள்.

ஜெகந்நாதன் 1914-ல ராமநாதபுரம் பக்கம் வசதியான குடும்பத்துல பிறந்தவர். காந்தியோட அழைப்பைக் கேட்டு 1930-ல கல்லூரிப் படிப்பை விட்டுட்டு வந்தவர். வெள்ளையனே வெளியேறு போராட்டத்துல ஜெயிலுக்கும் போனார். கிருஷ்ணம்மாள் 1926-ல நிலமே இல்லாத ஒரு தலித் குடும்பத்துல பிறந்தவங்க. அந்த வறுமைக்குள்ள இருந்தே பட்டப்படிப்பு முடிச்சாங்க. நம்ம ஊர்க் கல்யாணத் தரகர்கிட்ட இந்த ரெண்டு பயோடேட்டாவையும் கொடுத்தா என்ன சொல்லுவாரு? சாதி ஒட்டாது, அந்தஸ்து ஒட்டாது, வயசுலயும் பன்னெண்டு வருஷ வித்தியாசம். 'வேற இடம் பாருங்க'ன்னு கவரைத் திருப்பிக் கொடுத்திருப்பாரு.

ஆனா ரெண்டு பேருக்கும் ஒரே ஒரு விஷயம் கச்சிதமா ஒத்துப்போச்சு. ஏழைக்கு நிலம் கிடைக்கணும், அதுவும் அகிம்சை வழியில கிடைக்கணும். சுதந்திர இந்தியாவுலதான் கல்யாணம்னு முடிவு பண்ணிக் காத்திருந்து, 1950 ஜூலையில கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. அப்புறம் ஊட்டிக்கு ஹனிமூனா? அதுதான் இல்லை. அவர் வினோபா பாவேயோட பூதான நடைப்பயணத்துல சேர வடக்கே போயிட்டார். அவங்க சென்னையில ஆசிரியர் பயிற்சியை முடிச்சாங்க. கல்யாணம் ஆன புதுசுலயே லாங் டிஸ்டன்ஸ் ரிலேஷன்ஷிப்! வாட்ஸ்அப் இல்லை, வீடியோ கால் இல்லை. அவர் திரும்பி வந்த பிறகு ரெண்டு பேருமா தமிழ்நாட்டுல ஊர் ஊரா நடந்து நில தானம் கேட்டாங்க.

1968 டிசம்பர் 25. அன்றைய தஞ்சை மாவட்டத்துல இருக்கிற கீழ்வெண்மணியில தலித் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள்ள வச்சு எரிச்சுக் கொல்லப்பட்டாங்க. பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அந்தச் செய்தியைக் கேட்டதும் இந்தத் தம்பதி அந்தப் பக்கமே போய்த் தங்கி வேலை செய்ய முடிவு பண்ணாங்க. 1981-ல 'லாஃப்டி'ங்கிற நில உரிமை இயக்கத்தைத் தொடங்கினாங்க. நிலச்சுவான்தாரையும் நிலம் இல்லாதவங்களையும் ஒரே இடத்துல உட்கார வச்சுப் பேசி, கடன் ஏற்பாடு பண்ணி நியாயமான விலைக்கு நிலத்தை வாங்கி, அதை ஏழைக் குடும்பங்களுக்குக் கொடுக்கிற வேலை. ஆயிரக்கணக்கான ஏக்கர் இப்படிக் கைமாறிச்சு.

அப்புறம் கடலோரத்துல இறால் பண்ணைகள் வந்து விளைநிலத்தையும் குடிதண்ணியையும் உப்பாக்கினப்போ, ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார். 1996 டிசம்பர்ல வந்த தீர்ப்பு அவர் பேருலயே 'எஸ். ஜெகந்நாத் எதிர் இந்திய ஒன்றியம்'னு சட்டக் கல்லூரிகள்ல பாடமா இருக்கு. அப்போ அவருக்கு வயசு 82! 2008-ல 'மாற்று நோபல்'னு சொல்லப்படுற ரைட் லைவ்லிஹுட் விருதை ரெண்டு பேரும் சேர்ந்தே வாங்கினாங்க. 2013 பிப்ரவரியில அவர் காலமானார். 62 வருஷத்துக்கு மேல நீடிச்ச உறவு. அவருக்கு அப்புறமும் அவங்க வேலையைத் தொடர்ந்தாங்க. 2020-ல பத்மபூஷண் அறிவிக்கப்பட்டப்போ கிருஷ்ணம்மாளுக்கு வயசு தொண்ணூறைத் தாண்டிருச்சு.

இதுல நாம கவனிக்க வேண்டிய ஒரு பாயின்ட் இருக்கு. கல்யாணத்துக்கு முன்னாடியே அந்த ரெண்டு பேரோட கொள்கையும் பரீட்சை எழுதி பாஸ் ஆன கொள்கை. ஜெயில், வறுமை, படிப்புக்கான போராட்டம்னு எல்லாத்தையும் தாண்டி வந்தது. 'எனக்கும் சமூக சேவை புடிக்கும்'னு காபி ஷாப்புல உட்கார்ந்து சொன்னது கிடையாது.

ஒரு வருஷம் பேசாம இருங்க!

அதே திண்டுக்கல் பக்கம் இன்னொரு ஜோடி. சௌந்தரம் - ராமச்சந்திரன். டி.வி.எஸ். குழுமத்தைத் தொடங்கின டி.வி. சுந்தரம் ஐயங்காரோட மகள் சௌந்தரம். சின்ன வயசுலயே கல்யாணமாகி, சின்ன வயசுலயே கணவரை இழந்தவங்க. அந்தக் காலத்துல அதோட ஒரு பொண்ணோட வாழ்க்கை முடிஞ்சுதுன்னு மூலையில உட்கார வச்சிருவாங்க. இவங்க டெல்லிக்குப் போய் மருத்துவம் படிச்சாங்க. அங்கே காந்தியவாதியான ஜி. ராமச்சந்திரனைச் சந்திச்சு, ரெண்டு பேருக்கும் புடிச்சுப்போச்சு. அவர் மலையாளி, வேற சாதி. குடும்பத்துல எதிர்ப்பு.

விஷயம் காந்திகிட்ட போச்சு. அவர் என்ன சொன்னார் தெரியுமா? ஒரு வருஷம் ரெண்டு பேரும் எந்தத் தொடர்பும் இல்லாம பிரிஞ்சு இருங்க, அப்புறமும் இதே எண்ணம் இருந்தா கல்யாணம் பண்ணிக்கங்க. நம்மள்ல எத்தனை பேர் இந்த டெஸ்ட்டைத் தாங்குவோம்? 'லாஸ்ட் சீன்' ஆஃப் பண்ணி வச்சாலே நமக்கு மூச்சு முட்டுது! அவங்க தாங்கினாங்க. 1940-ல காந்தியோட ஆசியோட கல்யாணம் நடந்துச்சு. 1947-ல ரெண்டு பேரும் சேர்ந்து சின்னாளபட்டி பக்கத்துல காந்திகிராமத்தைத் தொடங்கினாங்க. இன்னைக்கு அங்கே ஒரு பல்கலைக்கழகமே இருக்கு.

கடல் தாண்டியும் ஒரு உதாரணம். பியர் கியூரி - மேரி கியூரி. 1903-ல இயற்பியல் நோபல் பரிசுக்கு முதல்ல மேரியோட பேரைச் சேர்க்கிற எண்ணமே இல்லை. இது தெரிஞ்சதும் மேரியோட பங்கையும் சேர்த்துப் பார்க்கணும்னு பியர் எழுதினார். அப்புறம்தான் மேரி பேர் சேர்ந்துச்சு. ரேடியத்தைப் பிரிச்செடுக்கிற முறைக்கு ரெண்டு பேரும் பேட்டன்ட் வாங்கலை. அறிவியல் எல்லாருக்கும் சொந்தம்ங்கிறது ரெண்டு பேரோட எண்ணம். கோடி கோடியா வந்திருக்க வேண்டிய பணம்! இதுல ஒருத்தர் மட்டும் 'பேட்டன்ட் வாங்கியே ஆகணும்'னு நின்னிருந்தா, அந்த வீட்டுல ராத்திரி சாப்பாடு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

'நம்ம ஆளுங்க'ன்னா யாரு?

இப்போ கொஞ்சம் சீரியஸா பேசுவோமா?

நம்ம வீட்டுல 'ஒத்த பழக்கவழக்கம் இருக்கணும்ப்பா'ன்னு சொல்றப்போ, பல நேரம் அதுக்கு ஒரே அர்த்தம்தான். சாதி. இந்திய மனித மேம்பாட்டு ஆய்வு 2011-12-ல எடுத்த கணக்குப்படி, நாட்டுல நூத்துக்கு சுமார் அஞ்சு கல்யாணம்தான் சாதி மாறி நடந்திருக்கு. சாதி ஒண்ணா இருந்தா குணமும் ஒண்ணா இருக்கும்னு ஒரு நம்பிக்கை. ஒரே தெருவுல, ஒரே சாதியில, ஒரே அப்பா அம்மாவுக்குப் பிறந்த அண்ணன் தம்பியைப் பாருங்க. ஒருத்தன் கடன் வாங்கினா தேதி தவறாம கொடுப்பான். இன்னொருத்தன் கடன் கொடுத்தவரைப் பார்த்தா சந்து மாறிப் போவான். ஒரே வீட்டுக்குள்ளயே ஒத்துப்போகாத விஷயத்தை, ஒரு சாதி முழுக்க ஒத்துப்போகும்னு எப்படிச் சொல்றது?

இந்த நம்பிக்கைக்கு நம்ம வயசுப் பசங்க உயிரையே விலையா கொடுத்திருக்காங்க. 2016 மார்ச் 13, உடுமலைப்பேட்டை. சாதி மாறிக் கல்யாணம் பண்ணினதுக்காக சங்கர்ங்கிற இன்ஜினீயரிங் மாணவர் பட்டப்பகல்ல நடுரோட்டுல வெட்டிக் கொல்லப்பட்டார். கூட இருந்த மனைவி கௌசல்யா பலத்த காயத்தோட பிழைச்சு, கோர்ட்டுல சாட்சி சொன்னாங்க. அவங்களும் இன்ஜினீயரிங் படிச்சவங்கதான். நம்மளை மாதிரியே அசைன்மென்ட், அரியர்னு அலைஞ்ச வயசு.

சட்டம் ரொம்பத் தெளிவா இருக்கு. வயசு வந்த ரெண்டு பேர் கல்யாணம் பண்ணிக்க குடும்பத்தோட, ஊரோட, சாதியோட சம்மதம் தேவையில்லைன்னு 2018 மார்ச்ல 'சக்தி வாகினி' வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. மிரட்டல் இருக்கிற ஜோடிகளைப் பாதுகாக்க மாவட்டந்தோறும் தனிப்பிரிவு அமைக்கணும்னும் உத்தரவு போட்டுச்சு. தமிழ்நாட்டுல சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967-லயே சட்டத்திருத்தம் கொண்டு வந்தாச்சு. ஐயர், மந்திரம் எதுவும் கட்டாயம் இல்லை. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் துணையா ஏத்துக்கிறோம்னு புரியிற மொழியில சொல்லி, மாலை மாத்தினாலே போதும். (அவசரப்படாதீங்க ஆண் சிங்கங்களே, சட்டப்படி நமக்கு 21 ஆகணும். எனக்கே இன்னும் ஒரு வருஷம் பாக்கி!)

அதே சமயம், சாதி மாறிக் காதலிச்சுட்டா மட்டும் மதிப்பீடு ஒத்துப்போச்சுன்னு அர்த்தம் ஆகிராது. 'நான் சாதி பார்க்க மாட்டேன்'னு சொல்லி லவ் பண்ணுவான். கல்யாணத்துக்கு அப்புறம் 'எங்க ஆளுங்க முன்னாடி உன் ஊர்ப் பேரைச் சொல்லாத'ன்னு சொல்லுவான். அந்த ஒரு வரி போதும், அஸ்திவாரம் இறங்கிருச்சுன்னு தெரிஞ்சுக்க.

பவுன் கணக்கு

எல்லாப் பொருத்தமும் இருந்து, சாதியும் ஒண்ணா இருந்து, ரெண்டு வீடும் சம்மதிச்ச கல்யாணத்துலயும் ஒரு பரீட்சை வரும். வரதட்சணை. 1961-லயே தடைச் சட்டம் வந்தாச்சு. ஆனா நம்ம பக்கம் 'பையன் பி.இ.' அப்படின்னதும் 'எத்தனை பவுன் போடுவாங்க'ன்னு அடுத்த கேள்வி தானா வருது. நாலு வருஷம் மண்டையை உடைச்சுப் படிச்சது கேம்பஸ்ல வேலை வாங்கவா, மண்டபத்துல விலை பேசவான்னே தெரியலை!

பசங்களா, இது நமக்கான கேள்வி. 'நான் கேட்கலை, அப்பா அம்மாதான் கேட்டாங்க'ங்கிறது பதிலே கிடையாது. அப்பா முன்னாடி நின்னு 'வேண்டாம்ப்பா'ன்னு சொல்ற தைரியம் நமக்கு இருக்கா? பொண்ணுங்களுக்கும் ஒரு கேள்வி. நகை போட்டாதான் மரியாதைன்னு நீங்களே நினைக்கிறீங்களா? இதுல ரெண்டு பேரும் ஒரே பதில் சொன்னா, யுவனா ரஹ்மானாங்கிற சண்டையை எல்லாம் சாகுற வரைக்கும் ஜாலியா போட்டுக்கலாம்.

பாதி சடை, பாதி கிரீடம்

'அப்போ எல்லா விஷயத்துலயும் ஜெராக்ஸ் காப்பியா இருக்கணுமா?'ன்னு கேட்டா, நம்ம சங்கரன்கோவிலுக்கு வாங்க. சங்கன், பதுமன்னு ரெண்டு நாக அரசர்கள். ஒருத்தர் சிவன்தான் பெருசுன்னாரு, இன்னொருத்தர் விஷ்ணுதான் பெருசுன்னாரு. ஓயாத சண்டை. கோமதி அம்மன் ஆடி மாசம் தவம் இருந்ததுல சாமி ஒரே உருவமா வந்து நின்னுச்சு. ஒரு பாதி சங்கரர், ஒரு பாதி நாராயணர். வலது பக்கம் சடை, இடது பக்கம் கிரீடம். ஒரு பாதிக்காக இன்னொரு பாதியை அழிக்கலை. வருஷா வருஷம் ஆடித்தபசுக்குக் கூட்டத்துல இடிபட்டுக்கிட்டு இந்தக் கதையைத்தான் பார்க்கப் போறோம்.

அவ கோயிலுக்குப் போகட்டும், அவன் போகாம இருக்கட்டும். 'நீ போறதை நான் கேலி பண்ண மாட்டேன், நான் போகாததை நீ குத்திக் காட்டக்கூடாது'ங்கிற மரியாதை ரெண்டு பேருக்கும் பொதுவா இருந்தா போதும். நம்பிக்கை வேற வேறயா இருந்தாலும், அடுத்தவங்க நம்பிக்கையை எப்படி நடத்துறோம்ங்கிறது ஒத்துப்போகணும்.

கேட்டுப் பார்க்க ஆறு கேள்வி

'ஐ லவ் யூ' சொல்றதுக்கு முன்னாடியோ பின்னாடியோ, எப்போ வேணா கேட்கலாம். எக்ஸாம் ஹால் மாதிரி வரிசையா கேட்டு பயமுறுத்தாதீங்க. பேச்சுவாக்குல வரட்டும்.

1. முதல் சம்பளம் வந்ததும் என்ன பண்ணுவே? எஜுகேஷன் லோன் முதல்லயா, பைக் முதல்லயா?

2. எனக்கு ஒரு ஊர்ல, உனக்கு ஒரு ஊர்ல வேலை கிடைச்சா யார் மாறணும்? எதை வச்சு முடிவு பண்ணலாம்?

3. ரெண்டு பக்க அப்பா அம்மாவுக்கும் வயசானா யார் பார்த்துக்கணும்? பையன் வீட்டுக்கு ஒரு சட்டம், பொண்ணு வீட்டுக்கு ஒரு சட்டமா?

4. சமையல், துணி, பாத்திரம்? 'ஹெல்ப் பண்றேன்'னு பதில் வந்தா, அது யாரோட வேலைன்னு இன்னொரு தடவை கேளுங்க.

5. உன் சொந்தக்காரங்க என் சாதியைப் பத்தி என் முன்னாடியே தப்பா பேசினா என்ன பண்ணுவே?

6. நான் எடுத்த முடிவு உனக்குப் புடிக்கலைன்னா, என்கிட்ட எப்படிச் சொல்லுவே?

பதிலைக் கேட்கிறதை விட ஆளைப் பாருங்க. சில்லறை இல்லாத கண்டக்டர்கிட்ட எப்படிப் பேசுறாங்க? ஹோட்டல்ல டேபிள் துடைக்கிற தம்பியை எப்படிக் கூப்பிடுறாங்க? ஃப்ரெண்டுகிட்ட வாங்கின இருநூறு ரூபாயை ஞாபகம் வச்சுத் திருப்பித் தர்றாங்களா? நம்மகிட்ட எல்லாரும் ஸ்வீட்டாதான் இருப்பாங்க. தனக்கு எந்த லாபமும் இல்லாத ஆளுகிட்ட எப்படி நடந்துக்கிறாங்கங்கிறதுதான் ஒரிஜினல் மார்க்‌ஷீட். அப்படியே நம்ம மார்க்‌ஷீட்டையும் ஒரு தடவை எடுத்துப் பார்த்துக்கலாம்.

ஒத்துவரலைன்னா?

கேட்டாச்சு, பார்த்தாச்சு, சரிப்பட்டு வரலை. அப்போ? பிரியறது கேவலம் இல்லை. இருபது வயசுல நம்ம மதிப்பீடே இன்னும் வெந்துக்கிட்டு இருக்கிற சோறுதான். முதல் வேலை, முதல் கடன், வீட்டுல முதல் பெரிய கஷ்டம் எல்லாம் வந்த பிறகுதான் நாம யாருன்னே நமக்குத் தெரியும். ஜெகந்நாதனுக்குக் கல்யாணம் ஆகும்போது முப்பத்தஞ்சு வயசு. நமக்கு என்ன அவசரம்?

ஆனா எப்படிப் பிரியறோம்ங்கிறதுல நம்ம மதிப்பீடு தெரிஞ்சுரும். போட்டோவை வச்சு மிரட்டுறது, பஸ் ஸ்டாப்புல வழி மறிக்கிறது, கையைக் கிழிச்சுக்குவேன்னு பயமுறுத்துறது எல்லாம் காதல் கணக்குல வரவே வராது. 'வேண்டாம்'னா வேண்டாம்தான். மிரட்டல் அனுபவிக்கிற பொண்ணுங்க 181-க்கு ஒரு போன் போடுங்க. பெண்களுக்கான உதவி எண் அது, தயங்காதீங்க. நமக்கு ஒத்துவராத ஒருத்தர் கெட்டவரா இருக்கணும்னு அவசியம் இல்லை. வேற மண்ணுல அஸ்திவாரம் போட்டவங்க, அவ்வளவுதான்.

சரி, நோட்டோட கடைசிப் பக்கம் இன்னும் திறந்துதானே இருக்கு? ஃப்ளேம்ஸுக்குக் கீழே கொஞ்சம் இடம் இருக்கும். 'நான் எதுக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்'னு நினைக்கிற மூணு விஷயத்தை அங்கே எழுதுங்க. அவங்களையும் தனியா எழுதச் சொல்லுங்க. அப்புறம் ரெண்டு பேப்பரையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. எத்தனை அடிபடுது, எத்தனை நிக்குதுன்னு தெரிஞ்சுரும். இதுல ஸ்பெல்லிங் மாத்தி ஏமாத்த மட்டும் சான்ஸே இல்லை!

அடுத்த வாரம் பார்ப்போமா?